கடைசி இரண்டு தோட்டா

டப்பா காலி.

காவலாளி அறை மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால், சிலந்தி வலைக்கும் சுவருக்கும் நடுவில், மேஜர் சொன்ன இடத்திலேயே இருந்தது. மூட்டு வலி மாத்திரை வரும் சின்னத் தகர டப்பா. உள்ளே கொஞ்சம் பஞ்சு. பஞ்சில் இரண்டு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில், பாதிச் சுண்டு விரல் நீளத்துக்கு. அந்தப் பள்ளங்களில் இருக்க வேண்டிய இரண்டு தோட்டாக்கள் மட்டும் இல்லை.

"பஞ்சைச் சாப்பிட்டுட்டுத் தோட்டாவை விட்டுட்டுப் போற எலியைப் பார்த்திருக்கேன். தோட்டாவைச் சாப்பிடற எலி புதுசுக்கா" என்றேன்.

அக்கா பஞ்சை விரலால் கிளறிப் பார்த்தார். டப்பாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். 

அக்கா பதினெட்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவருக்கு உதவி நான். பேர் எதற்கு, எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாயைக் கட்டத் தெரியாதவன். அன்றைக்கு அந்த வாய்தான் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டச் சாய்த்துவிட்டது.

விஷயம் இதுதான். மேஜர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. மீசையைப் பார்த்து யாரோ வைத்த பட்டம். ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் ஆள். இந்த ரத்தினக்கல் பட்டை தீட்டும் பட்டறை வாசலில் பதினோரு வருடமாகக் காவல். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பட்டறை முதலாளி தன் அறையிலேயே இரண்டு குண்டு பாய்ந்து இறந்துபோனார். "உள்ளே ரெண்டு சத்தம் கேட்டுச்சு. ஓடினேன். பின்பக்கச் சுவர் ஓரமா ஒரு உருவம் தெரிஞ்சுது. ஒரு தடவை சுட்டேன், சுவத்துல பட்டுச்சு" என்கிறார் மேஜர். அந்த உருவத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. பட்டறையில் இருபது சாணைச் சக்கரம் ஓடும் இரைச்சலில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

போலீஸ் சொல்வதில் பிசிறே கிடையாது. மேஜரின் பிஸ்டலில் பதினைந்து தோட்டா பிடிக்கும். அன்று காலை கம்பெனி கொடுத்தது பதினைந்து. மிச்சம் இருந்தது பன்னிரண்டு. கிடைத்த வெற்றுக்கூடு மூன்று: முதலாளி அறையில் இரண்டு, முற்றத்தில் ஒன்று. மூன்றின் அடியிலும் கம்பெனித் தோட்டாவின் அதே எண். போதாக்குறைக்கு முந்தின நாள்தான் முதலாளி மேஜரிடம், "வயசாயிடுச்சு, அடுத்த மாசத்தோட நின்னுக்க" என்று சொல்லியிருந்தார். குண்டுகள் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கின்றன. பதில் வர இரண்டு வாரம்.

இன்று காலை லாக்கப்பில் மேஜர் எங்களிடம் ஒரு ரகசியம் சொன்னார். கம்பெனி பதினைந்து கொடுத்தாலும் டூட்டிக்கு வந்ததும் மேலிருந்து இரண்டை எடுத்து இந்த டப்பாவில் வைத்துவிடுவாராம். பதிமூன்றோடுதான் நிற்பார். தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. "அன்னிக்கும் எடுத்து வெச்சேங்க. டப்பாவைப் பாருங்க, ரெண்டும் இருக்கும்" என்றார். பதிமூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு. மனிதர் சொல்வது நிஜமென்றால் இரண்டு தோட்டா டப்பாவில் இருக்க வேண்டும்.

டப்பா காலி. நான் என்ன செய்தேன்? வெளியே வந்து மேஜரின் மகளுக்குப் போன் போட்டு, "அங்க ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் ஸ்டேஷனில் அப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிடத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணா, அப்பா ஒத்துக்கப் போறாராம். 'டப்பா காலின்னா அன்னிக்கு நான் எடுத்து வைக்கலை. மறந்துட்டேன். அப்ப மூணும் நான்தான் சுட்டிருக்கேன், புத்தி தடுமாறிடுச்சு'ன்னு சொல்றார். நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் வர்றார். அவர் முன்னாடி எழுதிக் கொடுத்துடுவார். அக்காகிட்ட சொல்லுங்க, ப்ளீஸ்."

மணி இரண்டு பத்து. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது வாசலில் சின்ன முதலாளி எதிர்ப்பட்டார். இறந்தவரின் தம்பி. முதலாளி என்றாலும் அவரும் சக்கரத்தில் உட்கார்ந்து கல் தீட்டுகிறவர். முழங்கை வரை கல் தூள் அப்பியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"போனவர் போயிட்டார். மேஜரண்ணனை ஜெயில்ல போட்டா எங்கண்ணன் திரும்பி வரப்போறாரா?" என்றார். "பயத்துல புத்தி தடுமாறிச் செஞ்சதா எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கேன். கோர்ட்ல நானே வந்து அவருக்காகப் பேசறேன். அந்தப் பொண்ணையும் நான் பார்த்துக்கறேன்."

"பெரிய மனசு உங்களுக்கு" என்றார் அக்கா. "உங்களுக்குத் துப்பாக்கிப் பழக்கம் உண்டா?"

"ஐயோ, நீங்க வேற! எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு கூடத் தெரியாது. பார்த்தாலே உதறும். சரி, நான் ஸ்டேஷனுக்குப் போறேன். மேஜரண்ணன் பக்கத்துல நான் இருந்தா அவருக்குத் தெம்பா இருக்கும்."

நல்ல மனிதர் என்று நினைத்தேன். நான் நல்லவர் என்று நினைத்தவர்களின் பட்டியலை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதிப் பேர் இப்போது உள்ளே இருப்பார்கள்.

* * *

செக்யூரிட்டி கம்பெனியின் ஆயுதக் கிடங்கு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கம்பி வலை, இரும்பு அலமாரி, எண்ணெய் வாடை. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காவலாளிகள் எல்லோருக்கும் காலையில் பிஸ்டலையும் தோட்டா நிரப்பிய மேகசினையும் தனித்தனியாக எடுத்துக் கொடுப்பதும் சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டுவதும் அவர் வேலை.

"பதினஞ்சுதான் கொடுத்தேன். நானே போட்டது. என் கை எண்ணிக்கை தப்பாது" என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"தப்புன்னு சொல்லலைங்க. எப்படிப் போடுவீங்கன்னு பார்க்கணும்" என்றார் அக்கா.

அம்மாள் ஒரு காலி மேகசினை மேஜையில் வைத்தார். பிஸ்டலின் பிடிக்குள் நுழையும் தகரக் கூடு. உள்ளே ஸ்ப்ரிங், அதன் மேல் ஒரு தட்டு.

"போன வருஷம் வரைக்கும் பழைய மாடல் வெச்சிருந்தோம். தோட்டா ஒண்ணு மேல ஒண்ணா ஒரே வரிசை. எட்டுதான் பிடிக்கும். இது அகலம். உள்ளே ரெண்டு வரிசையா, மாறி மாறி உட்காரும். மேல வரும்போது மட்டும் வாய் குறுகி ஒத்தை வரிசை ஆயிடும். அதனால அதே உயரத்துல பதினஞ்சு. தோட்டா என்னவோ ரெண்டுக்கும் ஒரே அளவுதான்."

"கூட்டமா வந்து வாசல்ல ஒத்தை வரிசையில நுழையற மாதிரி" என்றேன்.

"அதேதான் தம்பி. கூட்டம் கூடக் கூட நெருக்கும். எங்க, நீங்க போடுங்க பார்க்கலாம். பயிற்சித் தோட்டாதான், மருந்து கிடையாது."

வாங்கினேன். ஐந்து சுலபமாக இறங்கியது. எட்டில் விரல் சிவந்தது. பதினொன்றில் நகக்கண் பிதுங்கியது. பன்னிரண்டாவது எகிறிக் குதித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. அம்மாள் சிரிக்காமல் மேஜையோரம் கைகாட்டினார். பூட்டுச் சங்கிலியில் கட்டி, நெம்புகோல் மாதிரி ஒரு கருவி தொங்கியது.

"இது இல்லாம நானே பதிமூணுக்கு மேல போட மாட்டேன். ஸ்ப்ரிங் புதுசு. இந்தக் கருவி கிடங்குக்கே ஒண்ணுதான், வெளியே போகாது."

"சாயங்காலம் திரும்பி வரும்போது எண்ணுவீங்களா?"

"எண்ண வேண்டாம். பின்பக்கம் பாருங்க, சின்னச் சின்ன ஓட்டை. கடைசி ஓட்டையில பித்தளை தெரிஞ்சா பதினஞ்சு. மேஜர் கொண்டு வர்றதுல ஒரு நாள் கூடத் தெரியாம இருந்ததில்லை. பாவம், நல்ல மனுஷன். போன வருஷம் ஒரு தடவை மேனேஜர் முன்னால மேகசின் நழுவித் தரையில விழுந்து, எல்லார் எதிர்லயும் வாங்கிக் கட்டிக்கிட்டார். அதுல இருந்து கொஞ்சம் பயந்தாங்கொள்ளி."

அக்கா நிமிர்ந்தார். "விழுந்தப்போ உள்ளே எத்தனை இருந்தது?"

"பதினஞ்சுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "வாலு, போய் வண்டியை எடு."

"அக்கா, நானும் கேட்கறேனே..."

"போ."

ஐந்து நிமிடம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அம்மாள் கையில் ஒரு இரும்புப் பெட்டி. வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். "உன்கிட்ட சொன்னா உன் முகம் சொல்லிடும்" என்றார் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை ஓட்டினேன். ஏற்கனவே என் வாய் செய்தது போதாதா.

* * *

மூன்று நாற்பது. இன்ஸ்பெக்டரின் அறையில் மேஜர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் மீசை கூட இளைத்துவிட்டது. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். சின்ன முதலாளி எதிரில். மேஜையில் வெள்ளைத்தாள், பேனா.

"நீங்க எதுக்கும்மா அலையறீங்க?" என்றார் மேஜர் அக்காவைப் பார்த்து.  "எனக்கே ஞாபகம் வரலை. எடுத்து வெச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா வெச்சிருந்தா அங்க இருக்கணுமே? மூணு ராத்திரியா யோசிக்கறேன். நான் சுட்டிருந்தா ஒத்துக்கறதுதானே முறை?"

"ஒத்துக்கலாம். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை" என்றார் அக்கா. "இன்ஸ்பெக்டர் சார், பத்து நிமிஷம் கொடுங்க."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாஜிஸ்திரேட் வர்ற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

கிடங்கு அம்மாள் பெட்டியைத் திறந்து அதே மாடல் பிஸ்டல் ஒன்றையும் மேகசினையும் வைத்தார். குழல் காலி என்று இழுத்துக் காட்டினார். மேகசினுக்குள் பதிமூன்று பயிற்சித் தோட்டா. வெளியே தனியாக இரண்டு.

"திங்கட்கிழமை ரெண்டையும் வெளியே எடுக்க மறந்துட்டேன்னு சொல்றீங்க இல்லையா? அப்ப மேகசின்ல பதினஞ்சு இருந்திருக்கும். இந்த ரெண்டையும் உள்ளே போடுங்க மேஜர். அப்புறம் காலையில டூட்டிக்கு எப்படித் தயாராவீங்களோ அப்படியே செய்ங்க."

மேஜர் ஒரு தோட்டாவை எடுத்து அழுத்தினார். அவர் விரல் மூட்டெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. தோட்டா பாதி இறங்கி நழுவி மேஜையில் உருண்டது. மறுபடி எடுத்தார். மறுபடி உருண்டது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று ஐம்பது. வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம். இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "மாஜிஸ்திரேட் கார் இல்லை. ஆனா வர்ற நேரம்தான்" என்றார். சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வீங்கிய அந்த விரல்களைப் பார்த்தார்.

"எதுக்கு அவரைப் போட்டு வதைக்கறீங்க? குடுங்கண்ணே" என்று மேகசினை வாங்கினார்.

இடது கையில் மேகசின். வலது கட்டைவிரல் மேலே இருந்த தோட்டாவை அமுக்க, புதிய தோட்டா முன்பக்கமாக நுழைந்து பின்னால் சரிந்தது. டக். அடுத்தது. டக். அவ்வளவுதான். குனிந்து கூடப் பார்க்கவில்லை, கண் கடிகாரத்தில் இருந்தது. மேகசினை மேஜரிடம் நீட்டிவிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் செருப்பு என் கால் மேல் ஏறியது. மூடிக்கொண்டேன்.

"போடுங்க மேஜர்" என்றார் அக்கா.

மேஜர் பிஸ்டலின் பிடிக்குள் மேகசினைச் செருகி உள்ளங்கையால் தள்ளினார். உள்ளே போனது, ஆனால் பூட்டு விழும் சத்தம் வரவில்லை. கையை எடுத்ததும் நழுவி மேஜையில் தொப்பென்று விழுந்தது. மேஜர் விழித்தார். இன்னொரு தடவை. பல்லைக் கடித்துத் தள்ளினார். மறுபடி தொப்.

"எனக்குப் புரியலை" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிடங்கு அம்மாள் விளக்கினார். "பிஸ்டல் மேல இழுத்து விடற மூடி, அதான் ஸ்லைடு, அது மூடியிருக்கும்போது உச்சித் தோட்டா அதுல போய் முட்டும். பதினஞ்சும் இருந்தா ஸ்ப்ரிங்குக்குக் கீழ இறங்க இடமே இல்லை. ஓங்கி அறைஞ்சாத்தான் மாட்டும். நீங்க அறையுங்க சார்."

இன்ஸ்பெக்டர் அறைந்தார். மாட்டியது. அவர் உள்ளங்கையை உதறிக்கொண்டார். "ஸ்லைடை இழுத்து வெச்சுட்டு மாட்டியிருக்கலாமே?"

"அப்படி மாட்டி ஸ்லைடை விட்டா முதல் தோட்டா குழலுக்குள்ள ஏறிடும். ஏத்தி வெச்சுக்கிட்டுக் காவலுக்கு நின்னா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. இவர் அதுக்கெல்லாம் துணிய மாட்டார்."

அக்கா மேகசினை உருவி, மேலிருந்து இரண்டு தோட்டாக்களைத் தள்ளி எடுத்தார். மிச்சம் பதிமூன்று. மேஜரிடம் கொடுத்தார். மேஜர் மெல்லத் தள்ளினார்.

க்ளிக்.

 மேஜர் அந்தப் பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க ஏன் ரெண்டை எடுக்க ஆரம்பிச்சீங்கன்னு உங்களுக்கே மறந்துபோச்சு" என்றார் அக்கா. "பழக்கமாயிடுச்சு. பதினஞ்சு போட்டா உங்க கைக்கு மாட்டாது, நழுவி விழும், மேனேஜர் திட்டுவார். அதனாலதான் எடுத்தீங்க. திங்கட்கிழமை எடுக்க மறந்திருந்தா இப்ப விழுந்த மாதிரியே காலையில விழுந்திருக்கும். நீங்க மறக்கலை மேஜர். பதிமூணோடதான் நின்னீங்க. ஒண்ணுதான் சுட்டீங்க."

"அப்பா..." என்று மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

"நில்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப அந்த ரெண்டு தோட்டா?"

"டப்பாவுல இருந்தது. யாரோ எடுத்து, அதே அளவுத் தோட்டா போடற வேற துப்பாக்கியில வெச்சுச் சுட்டுட்டாங்க. வெற்றுக்கூடு மூணுலயும் ஒரே எண். பதினஞ்சுக்குப் பன்னிரண்டு மிச்சம். பிசிறே இல்லாம அமைஞ்சுது பாருங்க, அது தற்செயல் இல்லை. இவர் பதிமூணோட நிக்கறார், ரெண்டு வெளியே இருக்குன்னு தெரிஞ்ச ஆள் மட்டும்தான் இப்படி அமைக்க முடியும்." அக்கா குரலை உயர்த்தவேயில்லை. "மேஜர், காலையில ரெண்டை எடுக்கறது சுலபம். சாயங்காலம் பதினஞ்சா திருப்பிக் கொடுக்கணும். உங்க விரலுக்கு அது ஆகாது. கருவி கிடங்குல சங்கிலியில கிடக்கு. தினமும் உங்களுக்கு யார் போட்டுக் கொடுத்தது?"

மேஜர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"சின்னய்யாதான்" என்றார். "ஒரு நாள் நான் கஷ்டப்படறதைப் பார்த்துட்டு, 'குடுங்கண்ணே'ன்னு வாங்கிப் போட்டுக் கொடுத்தார். அதுல இருந்து தினமும். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க வேலை போயிடும்'னார். நல்ல மனசுன்னு நெனச்சேன். அவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட கூடச் சொல்லலை."

"பொய்! நான் அதைத் தொட்டதே இல்லை" என்று சின்ன முதலாளி எழுந்தார்.

இப்போது அக்காவின் செருப்பு என் காலை விட்டு இறங்கியது. மூன்று நிமிடம் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன்.

"எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதுன்னீங்க. நான் பதினொண்ணாவதுலயே நகத்தைப் பேத்துக்கிட்டேன். நீங்க பதினாலையும் பதினஞ்சையும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே போட்டீங்களே சார்!"

"அதுக்குத்தான் ரெண்டை வெளியே வைக்கச் சொன்னீங்களா?" என்று கிடங்கு அம்மாள் அக்காவைக் கேட்டுவிட்டு, சின்ன முதலாளியின் கையைப் பார்த்தார். "கல்லைச் சக்கரத்துல அழுத்தி அழுத்திப் பழகின கட்டைவிரல். எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் இது வராது."

சின்ன முதலாளி தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார். கதவுப் பக்கம் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை நகர்த்திக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பட்டறையை உங்கண்ணன் வெளியாளுக்கு வித்துவிடப் போறார்னு கேள்விப்பட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப அதை நான் பெரிசா எடுத்துக்கலை. மேஜர் உருவத்தைப் பார்த்தது பின்பக்கம். அங்க, சக்கரத்துல இருந்து வர்ற சகதித் தண்ணி எங்க சார் போய்ச் சேருது?"

 இன்ஸ்பெக்டர் போனை எடுத்துப் பட்டறையில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசினார். பட்டறைக்குப் பின்னால் ஆளுயரத் தொட்டி ஒன்று, கல் தூள் சகதி தேங்குவது. பத்து நிமிடத்தில் திரும்பப் போன் வந்தது. சகதிக்கு அடியில் துணியில் சுற்றிய பிஸ்டல். ஒல்லியான பழைய மாடல், ஒற்றை வரிசை, எட்டுத் தோட்டா. கேட்டதும் சின்ன முதலாளி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாஜிஸ்திரேட் தன் குமாஸ்தாவோடு உள்ளே வந்தபோது மணி நாலு ஐந்து. வெள்ளைத்தாள் அப்படியே கிடந்தது. நடந்ததை இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேஜரைப் பார்த்தார்.

"அப்ப நீங்க வாக்குமூலம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகலாம்னு சீக்கிரமே உத்தரவு வரும். சாட்சியா ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, இவர் எழுதிக்குவார்."

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். மகள் "போதும்பா, வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மேஜர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றார். "முதலாளியை நான் சுடலை. பின்சுவத்துல ஒண்ணே ஒண்ணுதான் சுட்டேன். அது நிஜம்." வீங்கிய விரல்களை மேஜை மேல் விரித்து வைத்தார். "ஆனா அவர் மேல பாஞ்ச ரெண்டும் என் தோட்டாங்க. என்னை நம்பிக் கொடுத்தது. கை வலிக்குதுன்னு டப்பாவுல போட்டு வெச்சது நான். அதையும் எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதாமல் மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து அந்தக் காலி டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எழுதிக்குங்க" என்றார் மாஜிஸ்திரேட்.